குடியரசுத் தலைவரின் கையொப்பமும் சேரியின் சாதிச் சான்றிதழும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி வட்டாரத்தைச் சேர்ந்த பேரூர் பெரணமல்லூர். அவ்வூர்ச் சேரி மாணவர் ஒருவர் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்கும் சாதிச் சான்றிதழில் வட்டாட்சியரின் கையொப்பம் இருக்கும். அந்தச் சான்றிதழுக்கு வேராக இருப்பது, 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணை. தொலைவில் இருப்பதாக நாம் கருதும் அப்பதவி, ஒடுக்கப்பட்டோரின் அன்றாட வாழ்வில் இவ்வாறு நேரடியாக இடம்பெற்றுள்ளது. அப்பதவியால் தலித் மக்களுக்கு எது இயலும், எது இயலாது என்பதை இங்குத் தொகுத்துக் காண்போம்.

தேர்தல் முறை

குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 54ஆம் உறுப்பின்படி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டப்பேரவைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் வாக்களிக்கின்றனர். பேரவை உறுப்பினர் ஒருவரது வாக்கின் மதிப்பு 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி அமைகிறது. அக்கணக்கில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. இதை 234 உறுப்பினர்களுக்குப் பகிர்ந்து, ஆயிரத்தால் வகுத்தால் 176 கிடைக்கும். உத்தரப் பிரதேசத்தில் இம்மதிப்பு 208, சிக்கிமில் 7. பெரணமல்லூர் தனிப் பேரவைத் தொகுதியாக விளங்கி, 2008 தொகுதி மறுவரையறையில் நீக்கப்பட்டது. அதுவரை அத்தொகுதி உறுப்பினரின் வாக்குக்கும் இதே மதிப்புதான் இருந்தது.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் 44. அவற்றின் உறுப்பினர்கள் அனைவரது வாக்குகளின் மதிப்பையும் கூட்டினால் 7,744. 2022 தேர்தலில் வாக்காளர் குழுவின் மொத்த மதிப்பு 10,86,431. ஆக, இந்த 44 பேரின் பங்கு ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை. தலித் ஒருவர் அப்பதவிக்கு வருவதைப் பெரிய கட்சிகளின் கணக்கே முடிவு செய்கிறது. 2017இல் ஆளும் கூட்டணி இராம்நாத் கோவிந்தையும், எதிர்க்கட்சிகள் மீரா குமாரையும் நிறுத்தின. இருவருமே தலித்துகள்.

பட்டியலை வகுக்கும் அதிகாரம்

எந்தெந்தச் சாதிகள் பட்டியல் சாதிகள் என அறிவிக்கும் அதிகாரத்தை 341ஆம் உறுப்பு குடியரசுத் தலைவருக்கு வழங்குகிறது. ஒருமுறை அறிவித்த பின்னர், அதில் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றச் சட்டத்தால் மட்டுமே முடியும். தமிழ்நாட்டின் ஏழு சாதிப் பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயரில் கொண்டுவர 2021இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது இதனால்தான்.

1950 ஆணையின் மூன்றாம் பத்தி பெருந்துயரை விளைவித்தது. இந்து மதத்தைச் சாராதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று அது வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் இத்தடை விலக்கப்பட்டது. கிறித்தவ, இசுலாமியத் தலித்துகளுக்கு இன்றளவும் நீடிக்கிறது. தமிழ்நாட்டில் கிறித்தவத்தைத் தழுவிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். ஒரே சேரியில், அடுத்தடுத்த வீடுகளில், ஒரே தீண்டாமையை அனுபவிக்கும் இரு குடும்பங்களைச் சட்டம் இருவேறாகப் பார்க்கிறது. இத்தடையை நீக்க ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் நீதியரசர் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

நாட்டின் தலைவர், ஆட்சியின் தலைவர் அல்லர்

இந்தியக் குடியரசுத் தலைவரின் நிலை இங்கிலாந்து மன்னரின் நிலையை ஒத்தது என்றும், அவர் நாட்டின் அடையாளமே தவிர ஆட்சி நடத்துபவர் அல்லர் என்றும் அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் விளக்கினார். 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம், அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் செயல்பட வேண்டும் என வெளிப்படையாக எழுதிவைத்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம் ஒரு சிறு இடைவெளியைத் திறந்தது. ஆலோசனையை மறுபரிசீலனைக்காக ஒருமுறை திருப்பி அனுப்பலாம்; மீண்டும் அதே ஆலோசனை வந்தால் ஏற்றாக வேண்டும். 78ஆம் உறுப்பின்படி, அரசின் நிருவாகம் பற்றிப் பிரதமரிடம் தகவல் கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு.

இந்தக் குறுகிய இடைவெளியை முறையாகப் பயன்படுத்தியவர் கே.ஆர்.நாராயணன். கேரளத்தின் உழவூரில் எளிய தலித் குடும்பத்தில் பிறந்த அவர், 1997 முதல் 2002 வரை அப்பதவியை வகித்த முதல் தலித். உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கும் பரிந்துரையை 1997 அக்டோபரிலும், பீகார் அரசைக் கலைக்கும் பரிந்துரையை 1998 செப்டம்பரிலும் திருப்பி அனுப்பினார். முன்னதை அனுப்பியது குஜ்ரால் அமைச்சரவை, பின்னதை அனுப்பியது வாஜ்பாய் அமைச்சரவை. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனக் கோப்பில், தகுதியுள்ள பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் கருத்தில் கொள்ள வேண்டும் என அவர் குறிப்பெழுதியது அந்நாளில் பெரும் விவாதமாயிற்று.

ஒரே கையெழுத்து, இரு சட்டங்கள்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தளர்த்தி உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 20 அன்று தீர்ப்பளித்தது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தலித் மக்கள் முழு அடைப்பு நடத்தினர், பலர் உயிரிழந்தனர். அதன் பின்னரே நாடாளுமன்றம் திருத்தச் சட்டம் இயற்றியது. ஆகஸ்ட் 17 அன்று இராம்நாத் கோவிந்த் அதற்கு ஒப்புதல் அளித்தார். ஐந்து மாதங்களுக்குள், 2019 சனவரி 12 அன்று, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் விலக்கிய பொருளாதார அடிப்படையிலான 10 விழுக்காடு இடஒதுக்கீட்டுத் திருத்தத்துக்கும் அவரே ஒப்புதல் அளித்தார். இரண்டுமே அரசமைப்பு முறைப்படி நடந்தவை. முதல் கையொப்பத்தைப் பெற்றுத் தந்தது வீதியில் நின்ற மக்களின் வலிமை என்பதை நாம் மறக்கலாகாது.

2022இல் பதவியேற்ற திரௌபதி முர்மு, சந்தால் பழங்குடியைச் சேர்ந்தவர். 79ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றம் என்பது குடியரசுத் தலைவரையும் இரு அவைகளையும் உள்ளடக்கியது. ஆயினும், 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடம் அவரது வருகையின்றியே பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. அடையாளம் என்ற அளவிலும் அப்பதவிக்கு உரிய இடம் தானாகக் கிடைத்துவிடுவதில்லை.

மனுவும் அறிக்கையும்

சுடுகாட்டுப் பாதை மறுப்பு முதல் பஞ்சமி நில ஆக்கிரமிப்பு வரை, நம் மக்கள் குடியரசுத் தலைவருக்கு மனு அனுப்புவது நெடுநாள் வழக்கம். அம்மனுக்களைக் குடியரசுத் தலைவர் செயலகம் உரிய அமைச்சகத்துக்கோ மாநில அரசுக்கோ அனுப்பிவைக்கும். தானே விசாரித்துத் தீர்ப்பளிக்காது. விசாரிக்கும் அதிகாரம், 338ஆம் உறுப்பின்கீழ் இயங்கும் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கு உண்டு. சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அதற்கு வழங்கப்பட்டுள்ளது. சென்னையிலும் அதன் அலுவலகம் உள்ளது. ஆகவே, மனுவின் படி ஒன்றை ஆணையத்துக்கும் அனுப்புவது பயன் தரும்.

அந்த ஆணையத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பவர் குடியரசுத் தலைவர். ஆணையம் ஆண்டுதோறும் அறிக்கையை அவரிடமே அளிக்க வேண்டும். அதையும், ஏற்காத பரிந்துரைகளுக்கான காரணங்களையும் நாடாளுமன்றத்தின் முன் அவர் வைக்கச் செய்ய வேண்டும் என அரசமைப்பு கூறுகிறது. எனவே, அடுத்த தலைவர் எந்தச் சாதியினர் என்ற விவாதம் எழும்போது, நம் உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டியவை வேறு. ஆணையத்தில் காலியிடங்கள் உரிய நேரத்தில் நிரப்பப்படுகின்றனவா? அதன் அறிக்கைகள் காலத்தே அவைக்கு வருகின்றனவா? 1950 ஆணையின் மூன்றாம் பத்தி எப்போது திருத்தப்படும்? பெரணமல்லூரின் சாதிச் சான்றிதழ் இக்கேள்விகளோடுதான் பிணைந்துள்ளது.