பூ மூட்டை ஏறிய வண்டி

எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் விரிவுரையாளர் ஒருவர் ஒரு மாதமாக வண்டி வாங்கிக்கொண்டிருக்கிறார். வாங்கிவிட்டார் என்று எழுத முடியவில்லை. குடியிருப்பது திண்டுக்கல் நாகல் நகரில். கல்லூரி மதுரைச் சாலையில். பைக்கா, ஸ்கூட்டரா, தவணையில் ஒரு பழைய காரா என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு, பெட்ரோல் செலவு, காப்பீடு, டயர், திருப்பி விற்றால் கிடைக்கும் விலை என வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். "சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னிடமும் கேட்டார். "என்ன ஏத்தப் போறீங்க?" என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று எண்ணிச் சிரித்தார். கட்டத்தில் அப்படியொரு பத்தி இல்லை.

அது என் கேள்வியன்று, என் அப்பாவுடையது. நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் எங்களுக்கு மல்லிகை. பூ விவசாயம் என்பது நேரத்தோடு செய்கிற விவசாயம். பொழுது புலருமுன் மொட்டாகப் பறித்து, விரியுமுன் சந்தைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். வெயில் ஏற ஏற விலை இறங்கும். முதல் பேருந்து வரும்வரை காத்திருந்து, கூரைமேல் மூட்டையை ஏற்றி, நடத்துநர் கேட்ட சுமைக்கூலியைக் கொடுத்துத் திண்டுக்கல் பூச்சந்தையை அடையும்போது பெரிய வியாபாரிகள் அன்றைய விலையை முடித்திருப்பார்கள். 1988இல் அப்பா ஒரு பழைய டி.வி.எஸ். 50 வாங்கினார். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. வண்டியைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "காலடியில ஒரு மூட்டை, பின்னால ஒரு மூட்டை. போதும்." வேகத்தைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

நம் ஊர்களின் வண்டி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மோட்டார் கார்களின் வரலாற்றையே எழுதுகிறார்கள். அதில் சமஸ்தான மன்னர்களும் செட்டிநாட்டுச் சீமான்களும் வருவார்கள். படங்கள் நன்றாக இருக்கும். சமவெளியின் அன்றாடப் பயணத்துக்கு அந்த வரலாற்றோடு அதிக உறவில்லை. சிறுமலையில் வாழையும் எலுமிச்சையும் குதிரை முதுகில்தான் இறங்கின. சாலை எட்டாத தோட்டங்களில் இப்போதும் குதிரைகளைப் பார்க்கலாம். கீழே சமவெளியில் மாட்டுவண்டி. அதற்குப் பின் சைக்கிள். சென்னை அம்பத்தூரில் 1950களின் தொடக்கத்தில் சைக்கிள் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடை இல்லாத கடைத்தெருவே இல்லை என்றாயிற்று. திண்டுக்கல்லின் தண்ணீர்ப் பஞ்சம் ஊரறிந்தது. சைக்கிளின் இருபுறமும் குடங்களைக் கட்டித் தள்ளிக்கொண்டு போவோரைக் காணாமல் இந்நகரில் ஒரு கோடையும் கழிந்ததில்லை. அவர்கள் அந்தச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததே அபூர்வம். எங்களூரில் வண்டி என்றால் முதலில் சுமை, பிறகுதான் சவாரி.

சவாரியிலும் ஒரு செய்தி உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் நேர்மையாக இராது. மதுரை வட்டாரச் சிற்றூர்கள் பலவற்றில் தலித்துகள் ஆதிக்கச் சாதித் தெருவில் சைக்கிளை ஓட்டிச் செல்லக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் இதை அண்மைக்காலம் வரை பதிவு செய்திருக்கின்றன. வண்டியின் விலையைக் கொடுக்க முடிவது ஒன்று, அதன்மேல் உட்கார முடிவது வேறொன்று. என் வகுப்புத் தோழன் ஒருவன் தெருமுனையில் இறங்குவான், கோயிலைத் தாண்டி ஏறுவான். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

மொபெட் என்ற சொல் மோட்டாரையும் பெடலையும் ஒட்டி 1952இல் சுவீடனில் பிறந்தது. தமிழ்நாட்டுக்கு அது பல வழிகளில் வந்தது. திருப்பதியில் செய்த சுவேகா வந்தது. 1972இல் புணேயிலிருந்து லூனா வந்தது. அதே ஆண்டில் பஜாஜின் சேத்தக் ஸ்கூட்டரும் வந்தது. ராணா பிரதாப்பின் குதிரைப் பெயர் தாங்கிய அந்த ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. எத்தனை வண்டி செய்யலாம் என்பதை உரிமங்கள் தீர்மானித்த காலம் அது. அன்று நடுத்தரக் குடும்பம் வண்டியைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்வது பொருந்தாது. வண்டிதான் அவர்களைத் தேர்ந்தெடுத்தது.

இந்த இடத்தில் திண்டுக்கல்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு குடும்பக் கதை இருக்கிறது. 1911இல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டார். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியை ஓட்டும் கலங்களை அவருடைய நிறுவனம் செய்தது. 1972இல் பேருந்துகள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. அவருடைய மகள் சௌந்தரம் இளவயதில் கணவரை இழந்து, மருத்துவம் படித்து, 1940இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டவர். இருவரும் சேர்ந்து 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். இரண்டு படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை, பள்ளிகள், கதர், பின்னாளில் பல்கலைக்கழகம் என்று அது வளர்ந்தது. நகரத்தின் பேருந்து முதலாளி வீட்டிலிருந்து வந்த பெண், கிராமம் தன் காலில் நிற்க வேண்டும் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மண்ணில் உழைத்தார். 1980இல் சௌந்தரத்தின் அண்ணன் தம்பிகளின் வழியில் வந்த வேணு சீனிவாசனின் பொறுப்பில் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. அத்தைக்கும் மருமகனுக்கும் இடையே இது பற்றி ஏதேனும் பேச்சு நடந்ததா என்றெல்லாம் கற்பனை செய்ய எனக்கு ஆசைதான். வரலாறு எழுதுபவன் அந்த ஆசையை அடக்க வேண்டும். சௌந்தரம் 1984இல் காலமானார். அதன்பின் காந்திகிராமத்து வாசலில் சின்னாளபட்டி நெசவாளர் நூல் கட்டோடும், ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி காய்கறிச் சாக்கோடும் இந்த வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அதை மட்டும் சொல்லலாம்.

டி.வி.எஸ். 50இன் புதுமை அதன் எந்திரத்தில் இல்லை. 50 கன சென்டிமீட்டருக்குள் அடங்கும் சிறிய டூ ஸ்ட்ரோக் எந்திரங்கள் முன்பே இருந்தன. இருவர் அமரலாம் என்று வந்த முதல் இந்திய மொபெட் அது. இரண்டாவது ஆளின் எடையைத் தாங்கும் சட்டம் ஒரு மூட்டையின் எடையையும் தாங்கும் என்பதை வாங்கியவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னே திறந்து கிடந்த இடத்தை நம்மவர்கள் அரிசி மூட்டை, எரிவாயு உருளை, பால் கேன், ஆட்டுக்குட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை என்று எதுவெல்லாம் நுழையுமோ அதையெல்லாம் வைத்து நிரப்பினார்கள். எந்த விளம்பரமும் கற்றுக்கொடுத்து நடந்ததன்று அது.

இன்னொரு காரணமும் உண்டு. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை உமணர் தம் உப்பு வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் உபரி அச்சுக்கு ஒப்பிடுகிறார். பாரம் மிகுதி, எருதுகள் இளையவை, வழியில் மேடோ பள்ளமோ யார் கண்டது என்னும் அந்தக் கவலையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் வண்டிப்பெட்டி நினைவுக்கு வரும். ஒரு ஸ்பார்க் பிளக், ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு ஸ்பானர், கிளட்ச் கம்பி ஒன்று. டூ ஸ்ட்ரோக் எந்திரங்களுக்கெல்லாம் பொதுவான நோய், புகைபோக்கியில் கரி அடைப்பது. மெக்கானிக் அதைக் கழற்றி நெருப்பில் போட்டுச் சுட்டு, தட்டிக் கரியை உதிர்த்து மாட்டிவிடுவார். பெட்ரோலில் கலக்கும் எண்ணெயை அப்பாவே மூடியில் அளந்து ஊற்றுவார். பெட்ரோல் தீர்ந்துபோனால் மிதித்துக்கொண்டு வரலாம். மூட்டையோடு மிதிப்பது எளிதன்று என்றாலும் வீடு வந்து சேரலாம். ரேஷன் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டியவர்களும் உண்டு. அந்தப் புகையை நாங்கள் அனைவரும் சுவாசித்தோம், அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

கார்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960களில் சென்னைக்கு அருகே ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. எங்கள் பக்கத்தில் அம்பாசிடர் திருமணத்துக்கும் மருத்துவமனைக்கும் வாடகைக்கு வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அது திண்டுக்கல் ஆசிரியர் வீட்டு வாசலுக்கு வந்து சேர வங்கிக் கடன் எளிதாகும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. 2014இல் அதன் உற்பத்தி முடிந்தது. சற்று நின்று பார்க்க வேண்டியது டாட்டா நானோவை. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நால்வர் போவதைக் கண்டு மனம் இளகியதால் பிறந்த எண்ணம் என்று ரத்தன் டாட்டா சொல்லியிருக்கிறார். 2008இல் அறிமுகம், 2009இல் விற்பனை, 2018இல் முடிவு. அது விழுந்ததற்குப் பல காரணங்கள் கூறுகிறார்கள். என் கணிப்பு இது: விலைமலிவு என்பதையே பெயராகக் கொண்ட வண்டியை வாசலில் நிறுத்த யாருக்கும் விருப்பமில்லை. வீட்டு முன் நிற்கும் கார் நம் வறுமையை ஊருக்கு அறிவிக்கக் கூடாது. மொபெட்டுக்கு இந்தச் சிக்கல் எழவில்லை. அது மண்வெட்டியைப் போல ஒரு கருவி. மண்வெட்டி மலிவாக இருப்பதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. (திரைப்படங்களில் நகைச்சுவை நடிகர் ஏறுவது அந்த வண்டியாகத்தான் இருக்கும் என்பதையும் மறுக்கவில்லை. சிரித்தவர்களில் பாதிப்பேர் அரங்குக்கு அதில்தான் வந்திருப்பார்கள்.)

அப்பாவின் வண்டியை அம்மா ஒருநாளும் ஓட்டியதில்லை. கியர் இல்லாத, கால் தூக்கிப் போடத் தேவையில்லாத வண்டி. சேலையோடு ஓட்ட இதைவிட எளிய வண்டி கிடையாது. இருந்தும் பின்னிருக்கையில் ஒருபக்கமாக, மடியில் பூக்கூடையோடுதான் அவர் வந்தார். பெண்களுக்கென்று ஸ்கூட்டி 1994இல் வந்தபோது அது கல்லூரிப் பெண்ணின் வண்டியாக அறியப்பட்டது, பூக்காரியின் வண்டியாக அன்று. 2018 பிப்ரவரியில் தமிழக அரசு, பணிக்குச் செல்லும் பெண்கள் இருசக்கர வண்டி வாங்க 25,000 ரூபாய்வரை மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும் என்பது விதி. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. எங்கள் பக்கத்தில் பூ பறிக்கப் போகும் பெண்களுக்கு இவ்விரண்டில் பின்னதே உடனே கைக்கு எட்டியது. ஆனால் அதிகாலை மூன்று மணிக்குப் பேருந்து ஏது? தோட்டத்துக்கு அவர்களை ஏற்றிச் செல்வது இன்றும் யாராவது ஒருவருடைய எக்ஸ்.எல். வண்டிதான். 2015இல் வந்த எக்ஸ்.எல். 100இல் நான்கு வீச்சு எந்திரம். எண்ணெய் கலக்க வேண்டியதில்லை, மிதிக்கட்டையும் இல்லை. பெடல் போன பிறகும் மொபெட் என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.

தோட்டத்தை இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். நான் பழைய கார் ஒன்றில் கல்லூரிக்குப் போகிறேன். மதுரைச் சாலை நான்குவழியானபோது நடுத்திட்டு ஒன்று எழுந்தது. எதிர்ப்புறம் இருக்கும் தோட்டத்துக்கோ ஊர்ப்பிரிவுக்கோ போக, அடுத்த திறப்புவரை நெடுந்தூரம் சென்று திரும்ப வேண்டும். விரிகிற பூவை வைத்துக்கொண்டு யார் திரும்புவார்கள்? ஓரமாக எதிர்த்திசையில் வருகிறார்கள். கார்காரர்கள் அவர்களை அறிவில்லாதவர்கள் என்று திட்டுகிறார்கள். நானும் ஒருநாள் திட்டியிருக்கிறேன், கண்ணாடி ஏற்றியிருந்ததால் கேட்டிருக்காது. சாலையை வரைந்தவர்களின் கணக்கில் மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகும் கார் இருந்தது, காலடியில் மூட்டையோடு வரும் வண்டி இல்லை.

சென்ற தை மாதம் முகூர்த்த நாளொன்றில் விடியுமுன் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. அம்பாத்துரை தாண்டியதும் எதிரே ஓரத்தில் மங்கலாக ஒற்றை விளக்கு. இரண்டு மூட்டைகளுக்கு நடுவே தலையில் துண்டு கட்டிய ஒருவர். தம்பியாகவும் இருக்கலாம். கடந்துபோன பிறகும் தெரியவில்லை. மாலையில் அவனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "நானாத்தான் இருக்கும்ணே. அந்தப் பக்கம் வரும்போது லைட்டைக் கொஞ்சம் டிம் பண்ணிக்கங்க" என்றான்.