பிபிசி மைக்ரோவை இன்றைய மானிட்டருடன் இணைத்தல்

பிபிசி மைக்ரோ என்பது இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981இன் இறுதியில் வெளியிட்ட 8 பிட் கணினியாகும். இந்திய அரசு 1984-85இல் ஏறத்தாழ 250 பள்ளிகளில் தொடங்கிய 'கிளாஸ்' கணினிக் கல்வித் திட்டம் இதையே தேர்ந்துகொண்டது; மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் உரிமம் பெற்று இதை 'யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது. ஆதலால் இக்கணினியை மீண்டும் இயங்கச் செய்வது இந்தியக் கல்வி வரலாற்றின் ஒரு பகுதியைக் காப்பதும் ஆகும்.

மானிட்டரைத் தேடும் முன் மின்வழங்கியைத் திறந்து பார்ப்பது இன்றியமையாதது. அதில் மின் இரைச்சலை வடிகட்டும் காகித மின்தேக்கிகளின் மேலுறை நாளடைவில் வெடிப்புவிட்டு ஈரத்தை உறிஞ்சுவதால், மின்சாரம் பாய்ந்ததும் அவை புகைந்து கருகக்கூடும். கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதிகளில் மழைக்காலம் பலவற்றைக் கடந்து பூட்டிய அறையில் கிடந்த கணினியானால், அவற்றை மாற்றாமல் இயக்கவே கூடாது.

இணைப்பில் உள்ள சிக்கல் செருகியின் வடிவத்தைவிடக் காலக் கணக்கில்தான் பெரிதும் அடங்கியிருக்கிறது. பழைய தொலைக்காட்சிக்கென அமைந்த இக்கணினி நொடிக்கு 15,625 கிடைக்கோடுகளையும் 50 சட்டகங்களையும் அனுப்புகிறது. விஜிஏ மானிட்டர்களோ பொதுவாக நொடிக்கு 31,000க்கும் மேற்பட்ட கோடுகளை எதிர்பார்க்கின்றன, எச்டிஎம்ஐ மானிட்டர்கள் எண்முறைத் தரவையே ஏற்கின்றன. எனவே இடையில் நின்று படத்தை நினைவகத்தில் வாங்கி, புதிய வேகத்தில் திருப்பி அனுப்பும் மாற்றி ஒன்று தேவைப்படுகிறது.

மாடல் பி கணினியின் பின்புறத்தில் மூன்று வழிகள் உள்ளன. ஆண்டெனா வழியின் படம் மிகவும் மங்கலானது. ஒளியையும் ஒத்திசைவுத் துடிப்பையும் ஒரே கம்பியில் கலந்து தரும் காம்போசிட் வழி, உள்ளே எஸ்39 என்னும் இணைப்பைப் பொருத்தாதவரை கறுப்பு வெள்ளைப் படத்தையே தருகிறது. பொருத்தி வண்ணம் பெற்றாலோ, வரிக்கு 80 எழுத்துகள் கொண்ட திரை படிக்க இயலாதவாறு கலங்கிவிடுகிறது. மலிவான காம்போசிட் மாற்றியை வாங்குவோர் இக்கணினியின் தலைசிறந்த பண்பான எழுத்துத் தெளிவையே இழக்கின்றனர்.

ஆறு ஊசிகள் கொண்ட ஆர்ஜிபி வழியே மேலானது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் தனித்தனிக் கம்பிகளில் 'உண்டு' அல்லது 'இல்லை' என்ற இரு நிலைகளில் மட்டும் வருவதால் எட்டு வண்ணங்கள் கிடைக்கின்றன. ஆனால் இச்சமிக்ஞையின் மின்னழுத்தம் 5 வோல்ட் அளவினது, 0.7 வோல்ட்டுக்கென அமைந்த மாற்றிகளில் தகுந்த மின்தடைகள் இல்லாமல் அதை நேரே செலுத்தினால் அவை பழுதடையலாம்.

ராஸ்பெரி பை ஜீரோவின் மேல் சிறு தர்க்கச் சுற்றைப் பொருத்திய 'ஆர்ஜிபிடூஎச்டிஎம்ஐ' என்னும் திறந்த வடிவமைப்பு இந்தக் கணினிக்காகவே முதலில் உருவானது. பெரும்பாலான மாற்றிகள் தம் போக்கில் படத்தை அளக்க, இது ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய தருணத்தில் அளக்கிறது. 640 புள்ளிகள் கொண்ட வரைகலை நிலைக்கு 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும், டெலிடெக்ஸ்ட் சில்லு எழுத்துகளை வரையும் 'மோட் 7' நிலைக்கு 12 மெகாஹெர்ட்ஸ் வேகமும் வேண்டுமாதலால், இரண்டையும் தனித்தனியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மானிட்டர் 50 ஹெர்ட்ஸை ஏற்காவிடில் 60க்கு மாற்றலாம். நகரும் உருவங்கள் அப்போது சற்றுத் தடுமாறும். ஆர்ஜிபி கம்பிகளில் ஒலி செல்லாது. அது கணினியின் உள்ளிருக்கும் ஒலிபெருக்கியிலேயே கேட்கும்.