தலைப்பாகை கட்டிய முதலாளிகள்

மொன்றியலில் நான் முதன்முதலாகக் கோப்பை கழுவப் போன ரெஸ்ரோறன்ற்றின் குசினிச் சுவரில் ஒரு மட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அப்போது தெரிந்த பிரெஞ்சு 'போஞ்சூர்', 'மெர்சி' இரண்டும்தான். பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற அண்ணையிடம் கேட்டேன். "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பமாம் தம்பி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவர் ஏன் சிரித்தார் என்று விளங்க மூன்று மாதம் எடுத்தது. கொதிக்கிற எண்ணெய் கையில் பட்டு அவர் ஒரு கிழமை வீட்டில் நின்றார். 'குடும்பத்தில்' இருந்து ஒருவரும் ஒரு போன் எடுத்து விசாரிக்கவில்லை. திரும்பி வந்தபோது அவருடைய ஐந்து நாள் வேலை மூன்று நாளாகியிருந்தது.

இப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. கழுவும் தொட்டியிலிருந்து அடுப்படிக்கு வந்துவிட்டேன். இடையில் நாலைந்து கடைகள். எல்லா இடத்திலும் வேலை செய்பவர்களை உற்சாகப்படுத்த ஏதோவொன்று நடக்கும். 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று சுவரில் ஒரு படம். நத்தாருக்குப் பீற்சா (பீற்சாக் கடையிலும் பீற்சாதான்!). புது மனேஜர் வந்தால் ஒரு கூட்டம் வைத்து, இதை உங்கள் சொந்தக் கடை போல நினையுங்கள் என்பார். நினைத்தால் மட்டும் போதுமோ ஐயா என்று கேட்க வாய் வரும். கேட்டதில்லை.

நினைப்பதோடு நிற்காமல், வேலை செய்த கடையை உண்மையிலேயே சொந்தமாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டதோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் என்னுடைய படிப்பும் பாதியில் நின்றது. அடுத்த வருடம் ஏஜென்சிக்காரன் சொல்லப்போகும் நாளுக்காகத் திருவனந்தபுரத்தில் ஒரு லொட்ஜில் காத்துக்கிடந்தேன். தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் வட்டமான ஒரு கோபுரம் நிற்கும். லோறி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. உள்ளே படிகள் இல்லை. தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறும், ஓரமாக மேசைகள். அதுதான் இந்தியன் கோப்பி ஹவுஸ். பீற்றூட் போட்ட மசாலாத் தோசை. விலை என்னைப் போன்றவனுக்கும் தாங்கும். ஒரு கோப்பியோடு ஒரு மணித்தியாலம் இருந்தாலும் எழும்பு என்று சொல்ல மாட்டார்கள்.

பரிமாறுபவர்கள் வெள்ளைச் சீருடை, விசிறி வைத்த தலைப்பாகையோடு வருவார்கள். வயதான ஒருவரோடு பழக்கமானேன். "சேட்டா, இந்தக் கடை முதலாளி ஆர்?" என்று ஒருநாள் கேட்டேன். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். பகிடி இல்லை.

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் இந்தியக் கோப்பிக்கு வெளிநாட்டுச் சந்தை விழுந்துபோனது. உள்ளூர்ச் சனத்தைக் கோப்பி குடிக்கப் பழக்கவேண்டும் என்று தோட்டத்துறை யோசித்தது. 1936இல் பம்பாயில் முதலாவது கோப்பி ஹவுஸ் திறந்தார்கள். பிறகு நாடு முழுக்கப் பரவியது. கோப்பி போர்ட் என்ற அரச சபை அவற்றை நடத்தியது. 1950களின் நடுப்பகுதியில் அதே சபை, இனி இது தேவையில்லை என்று கடைகளைப் பூட்டத் தொடங்கியது. வேலை செய்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் அவர்களுக்குச் சொன்ன வழி இதுதான்: கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள். கோப்பி போடுகிறவன், மேசை துடைக்கிறவன், கணக்கு எழுதுகிறவன் எல்லாரும் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1957 ஓகஸ்ட் 19இல் பெங்களூரில் முதலாவது சங்கம். அதே வருடம் டெல்லியில் கடை திறந்தது. 1958இல் கேரளாவின் திருச்சூரில். அந்தக் கேரளச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான பரமேஸ்வரன் பிள்ளையும் கோப்பி போர்ட் தொழிலாளிதான். பிற்காலத்தில் அவர் இந்தக் கதையை மலையாளத்தில் ஒரு புத்தகமாகவே எழுதினார். இன்று 13 சங்கங்கள், கிட்டத்தட்ட 400 கடைகள் என்று சொல்கிறார்கள். புதுச்சேரியில் நேரு வீதியில் இருக்கும் கடையை யான் மார்ட்டலின் 'லைஃப் ஒஃப் பை' நாவல் (2001) படித்தவர்கள் அதன் முன்னுரையிலேயே சந்தித்திருப்பீர்கள்.

இதில் என்ன பெரிய தத்துவம் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிவது மூன்று விசயம். வேலை செய்கிறவனுக்குச் சங்கத்தில் பங்கு இருக்கிறது, லாபம் வந்தால் அவனுக்கும் வரும். நிர்வாகிகளை அவனே வாக்குப் போட்டுத் தெரிகிறான். மூன்றாவது, மேலே இருப்பவன் கீழே இருந்து வந்தவன். துடைக்கிற வேலையில் சேர்ந்தவன் பரிமாறி, பிறகு மனேஜராகலாம். மேசை துடைத்தவனுக்குத்தான் துடைக்கிறவனின் முதுகு நோ தெரியும். இவை மூன்றும் இருந்தால் சுவரில் மட்டை தேவையில்லை.

எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கேரளக் கடைகளில் பல பத்தாண்டுகளாகப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. சமத்துவம் பேசிய சங்கத்துக்கு அது கண்ணில் படவில்லை. பெங்களூர் எம்.ஜி. வீதிக் கடை, கட்டட உரிமையாளரோடு வழக்காடித் தோற்று 2009 ஏப்ரலில் பூட்டப்பட்டது. பழைய வாடிக்கையாளர்கள் கலங்கிப்போனார்களாம். அந்த ஏப்ரலில் நாங்கள் பதாகைகளோடு தெருவில் நின்றோம், இந்தச் செய்தியைப் பிறகுதான் வாசித்தேன். ஆனால் கடை அழியவில்லை. அதே ஆட்களோடு சேர்ச் வீதிக்கு இடம்மாறிப் போனது. ஒரு தனி முதலாளி என்றால் ஆட்களைக் கலைத்துவிட்டுக் கணக்கை முடித்திருப்பார்.

சரி, மொன்றியலுக்கு வருவோம்.

கியூபெக் சட்டப்படி ரிப்ஸ் காசு பரிமாறியவருக்கே சொந்தம். அதைக் குசினியோடு பகிரச் சொல்லி முதலாளி கட்டளையிட முடியாது. தொழிலாளர்கள் தாங்களாகவே பேசித் தீர்மானித்தால் பகிரலாம். முதலாளி கை வைக்காமல் இருக்க நல்ல சட்டம்தான். ஆனால் ஒரே சாப்பாட்டுக்கு முன்னால் நிற்பவனுக்கும் பின்னால் நிற்பவனுக்கும் இடையில் ஒரு மதில் எழும்பிவிடும்.

நான் இப்போது நிற்கும் கடையில் ஒரு மாரிகாலம் குசினி ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். ஒரு திங்கட்கிழமை, கடை பூட்டிய பிறகு, முதலாளி இல்லாமல் எல்லாரும் இருந்து கதைத்தோம். இரண்டு மணித்தியாலம் சண்டைதான். "நீங்கள் வாடிக்கையாளரின் ஏச்சை வாங்கிறதில்லையே" என்றாள் ஒரு வெயிற்றர் பெண். உண்மைதான், அதை நான் யோசித்ததில்லை. கடைசியில் நூற்றுக்குப் பத்துக் குசினிக்கு என்று முடிவானது. அடுத்த கூட்டத்தில், கோப்பை கழுவும் பஞ்சாபிப் பெடியன் கை உயர்த்தி, எச்சில் கோப்பைகளை அடுக்கித் தந்தால் தனக்கு அரை மணித்தியாலம் மிச்சம் என்றான். ஒரு வருடமாக அவன் மனதில் இருந்த விசயம். ஒருவரும் அதுவரை கேட்கவில்லை. இப்போது அடுக்கித்தான் வருகிறது.

இதை எங்கட ஆக்களுக்காகவும் எழுதுகிறேன். அன்று கோப்பை கழுவியவர்கள் பலர் இன்று கடை வைத்திருக்கிறார்கள். சந்தோசம். ஆனால் அகதிக் கோரிக்கையோடு நிற்கும் பெடியனிடம் "நாங்கள் ஒரே ஊர்தானே தம்பி" என்று சொல்லிச் சம்பளத்தில் வெட்டுவதும் நடக்கிறது. அந்த 'ஒரே ஊர்' என்பது நான் கண்ட அந்த மட்டையின் தமிழாக்கம்தான். கடையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லவில்லை. கணக்கைத் திறந்து காட்டுங்கோ, வேலை நேரத்தை அவனோடு பேசி முடிவெடுங்கோ, கை சுட்டால் ஒரு போன் எடுங்கோ.

வெங்காயம் வெட்டிய அண்ணை இப்போது ரொறன்ரோவில். போன கிழமை கதைக்கும்போது கேட்டார்: "உங்கட கடையிலும் மட்டை தொங்குதோ?"

"இல்லை அண்ணை" என்றேன்.

"அப்ப பரவாயில்லை, நில்லு" என்றார்.