மையம் தேடும் சக்: மௌலா அலி பட்டறைகளின் கதை

செகந்திராபாத்திலிருந்து காஜிப்பேட்டை போகும் ரயில் பாதையில் சில நிலையங்கள் தாண்டினால் மௌலா அலி. கருங்கல் குன்று, அதன் உச்சியில் தர்கா. இப்ராஹிம் குதுப் ஷா காலத்தில், 1578ல், அரண்மனைச் சேவகர் யாகூத் கண்ட கனவிலிருந்து அந்தத் தலம் பிறந்தது என்பது ஊர் நம்பிக்கை. குன்றின் அடிவாரத்தில், 1824ல் இறந்த உருதுக் கவிஞர் மஹ் லகா பாய் சந்தாவின் கல்லறை இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இவ்விரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எனக்குச் சோறு போட்டது இவை இரண்டும் இல்லை. குன்றைச் சுற்றியும் குஷாய்குடா, சர்லபல்லி பக்கமும் பரவிக் கிடக்கும் லேத்துப் பட்டறைகள்தான் போட்டன. நான் டர்னர். இந்தப் பகுதியின் சரித்திரத்தை எனக்குத் தெரிந்த ஒரு சாமானை வைத்துச் சொல்லப் போகிறேன்: லேத்தில் வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் நாலு தாடை சக்.

பட்டறையில் அதற்கு டாக் சக் என்று பெயர். மூன்று தாடைகளும் ஒரே சாவியில் சேர்ந்து நகர்வது ட்ரூ சக். டாக் சக்கில் நான்கு தாடைகள். ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு. ஒன்றை நகர்த்தினால் மற்றது அசையாது. ட்ரூ சக்கில் உருண்டைக் கம்பியை வைத்துச் சாவியைத் திருப்பினால் அதுவே ஏறக்குறைய நடுவில் உட்காரும். டாக் சக்குக்கு நடு எங்கே என்று தெரியாது. நாம்தான் டயல், அதாவது விலகலை முள்ளில் காட்டும் அளவுமானி, வைத்துத் தேட வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் இதைக் கண்டு முகம் சுளிப்பார்கள். இரண்டு வருடம் போனால் நுணுக்க வேலைக்கு அவர்களே இதைத்தான் கேட்பார்கள்.

லேத்து இந்தப் பக்கம் வந்தது ரயிலோடு. வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு 1874ல் பாதை திறந்தது. 1889ல் பெஜவாடா (விஜயவாடா) வரை போனது. நிஜாம் ரயில்வே தன் வண்டிகளைப் பழுதுபார்க்க 1893ல் லல்லாகுடாவில் பணிமனை அமைத்தது. மௌலா அலியிலிருந்து அது கூப்பிடு தூரம். தமிழர்கள் அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டார்கள். மதராஸ் படையோடு வந்த ஒப்பந்தக்காரர்கள், கணக்கர்கள், சமையல்காரர்கள் என்று செகந்திராபாத் கண்டோன்மெண்டில் ஒரு தமிழ்க் குடியிருப்பே இருந்தது. சோமசுந்தரம் முதலியார் 1862ல் தொடங்கிய பள்ளிதான் பின்னால் மஹபூப் கல்லூரி ஆனது. லல்லாகுடா பணிமனை வந்த அதே 1893ல், பிப்ரவரி மாதம், விவேகானந்தர் அங்கே பேசினார். ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்த தமிழர்கள் இந்தக் குடியிருப்பின் நீட்சி. எங்கள் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பட்டறையில் உருது. வேலை கற்றுக் கொடுப்பவர் எந்த மதம், எந்த மொழியானாலும் ‘உஸ்தாத்’தான்.

ரயில் வேலைக்கும் டாக் சக்குக்கும் உள்ள உறவை இன்றைய பையன்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. ரயிலில் பழுதாவது ஒரே ஒரு பாகம். அது உருண்டையாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வார்ப்பில் வந்த பேரிங் கூடு, சதுர அடிப்பகுதி கொண்ட வால்வு உடல், ஒரு பக்கம் காது நீட்டிக்கொண்டிருக்கும் பிராக்கெட். மூன்று தாடைக்குள் சதுரம் நிற்காது. தனித்தனியாக நகரும் நான்கு தாடைக்குள் சதுரம், நீள்சதுரம், கோணல்மாணல் எல்லாம் நிற்கும். துளை நடுவில் இல்லாமல் ஓரத்தில் வேண்டும் என்றால், வேலைத்துண்டையே ஓரத்துக்குத் தள்ளிப் பிடிக்கலாம். இப்படி நடு விலகிய எக்சென்ட்ரிக் பாகம் கடைவதற்கு இதைவிட நேர்வழி கிடையாது.

சக் இல்லாத காலமும் இருந்தது. ஹென்றி மாட்ஸ்லே 1800ஐ ஒட்டி லண்டனில் திருகு வெட்டும் லேத்தைச் செம்மையாக்கியபோது, நீள வேலையை இரண்டு சென்டருக்கு நடுவில் வைத்துக் கடைந்தார்கள். மற்றதைத் தட்டையான முகத்தட்டில் போல்ட்டும் கிளாம்ப்பும் போட்டுக் கட்டினார்கள். மணிபோல் குழிந்த கூட்டில் சுற்றிலும் திருகு வைத்துத் துண்டை இறுக்குவதும் உண்டு. திருகைத் தனித்தனியாக முடுக்கி நடு பார்க்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சைமன் ஃபேர்மன் 1840ல் லேத் சக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய மருமகன் ஆஸ்டின் குஷ்மன் 1862ல் ஹார்ட்ஃபர்டில் தொடங்கிய சக் தொழிற்சாலை குஷ்மன் என்ற பெயரை உலகெங்கும் கொண்டுபோனது. துப்பாக்கி, தையல் மெஷின் என்று ஒரே பாகத்தை ஆயிரக்கணக்கில் செய்த அந்த நாட்டுக்குச் சீக்கிரம் பிடித்து விடும் சக் தேவைப்பட்டது. ஒவ்வொன்றாகப் பழுதுபார்த்த நமக்கு, நேரம் எடுத்தாலும் எதையும் பிடிக்கும் சக்தான் தேவைப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது கடல்வழி இறக்குமதி தடைப்பட்டது. 1943 மே மாதம் செகந்திராபாத்தில் பிராகா டூல்ஸ் பதிவானது. கவாடிகுடாவில் அதன் ஆலை. பின்னாளில் அதன் பங்குகளில் 56 சதவீதம் மத்திய அரசிடமும் 32 சதவீதம் ஆந்திர அரசிடமும் இருந்தன. அப்படிப்பட்ட கம்பெனியின் மீது தொழிலாளிகள் ரிட் மனு போடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1969ல் தீர்ப்பானது. கம்பெனி அரசின் கையில் இருந்தாலும் அது கம்பெனிதான் என்றது தீர்ப்பு. சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு பிராகா ஒரு வழக்கின் பெயர். எங்களுக்கு அது கிரைண்டிங் மெஷின் மீதும் சக் மீதும் பொறித்திருந்த பெயர். பெங்களூரில் 1953ல் தொடங்கிய எச்.எம்.டி. சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் துணையோடு லேத் செய்தது. 1988ல் பிராகா அதன் துணை நிறுவனமாகிவிட்டது.

மௌலா அலியின் முகத்தை மாற்றியது ரயிலும் இல்லை, பிராகாவும் இல்லை. அணுசக்தித் துறை. 1967 ஏப்ரல் 11ல் அதன் மின்னணு நிறுவனமான ஈ.சி.ஐ.எல். தொடங்கியது, அதை உருவாக்கிய ஏ.எஸ். ராவின் பெயரில் இன்று ஒரு நகரே இருக்கிறது. 1971ல் அணு எரிபொருள் வளாகம் வந்தது. கல்பாக்கம் உலைக்குள் போகும் எரிபொருள் கட்டு இங்கேதான் உருவாகிறது. சுமார் அரை மீட்டர் நீளம், பத்தொன்பது சிர்க்கலாய் குழல்கள். அதன் அருகில்கூட எங்களைப் போன்றவர்களை விடமாட்டார்கள். அது அவர்கள் வேலை. ஆனால் பெரிய ஆலைகள் ஓர் ஊருக்கு வந்தால் ஜிக், ஃபிக்ஸ்சர், புஷ், ஸ்பேர் ஷாஃப்ட் என்று சில்லறை வேலை வெளியே கசியும். அதைப் பிடிக்கத்தான் தகரக் கூரைப் பட்டறைகள் முளைத்தன. பாலாநகரில் 1968ல் ஐ.நா. உதவியோடு வந்த மத்திய டூல் டிசைன் நிலையத்தில் படித்தவர்கள் வரைபடம் போட்டார்கள், நாங்கள் கடைந்தோம்.

அந்த வரைபடங்கள் எங்கள் தொழிலைத் தலைகீழாக்கின. ரயில்வே மேஸ்திரி “கொஞ்சம் டைட்டா இருக்கட்டும்” என்பார், அதுவே அளவு. புது வரைபடத்தில் ‘கூட்டல் கழித்தல் பத்து மைக்ரான்’ என்று எழுதியிருக்கும். பத்து மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. பட்டறையில் இருந்ததோ பெட் தேய்ந்த பழைய லேத்து. ஓடித் தேய்ந்த ட்ரூ சக் நூறில் ஐந்து, சில சமயம் பத்து பங்குகூட நடு விலகும். ஒரு முனையைக் கடைந்து, திருப்பிப் பிடித்து மறுமுனையைக் கடைந்தால், இரண்டும் ஒரே அச்சில் நிற்காது.

இங்கேதான் டாக் சக் எங்களைக் காப்பாற்றியது. ட்ரூ சக்கின் தவறு நேராக வேலைத்துண்டில் ஏறுகிறது. டாக் சக் தனக்கென்று நடு வைத்துக்கொள்ளாததால், ஒவ்வொரு முறையும் நாம் டயலில் பார்த்து உண்மையான அச்சுக்குக் கொண்டுவருகிறோம். முதலில் சக் முகத்தில் வெட்டியிருக்கும் வட்டக் கோடுகளைப் பார்த்துத் தாடைகளை உத்தேசமாக வைப்போம். பிறகு எதிரெதிர் தாடைகள் இரண்டை மட்டும் கவனிப்போம். ஒரு தாடையிடம் டயல் 40 காட்டி, எதிர்த் தாடையிடம் 10 காட்டினால் வித்தியாசம் 30. நகர வேண்டியது அதில் பாதி, 15. ஒன்றைத் தளர்த்தி எதிரே உள்ளதை முடுக்க வேண்டும். அடுத்து மற்ற ஜோடி. திரும்ப முதல் ஜோடி. கை பழகியவனுக்கு இரண்டு மூன்று நிமிடம். எக்சென்ட்ரிக்குக்கும் இதே கணக்கு: ஐந்து மில்லிமீட்டர் விலக வேண்டும் என்றால் டயல் பத்து மில்லிமீட்டர் ஆட வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டால் டாக் சக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் புரியும். கடைக்காரர் ரன் அவுட் எவ்வளவு குறைவு என்று பெருமை பேசுவார். டாக் சக்குக்கு அந்தப் பேச்சு வீண். நடு விலகலை டயல் சரிசெய்துவிடும். டயலால் சரிசெய்ய முடியாதது எதுவோ அதைத்தான் பார்த்து வாங்க வேண்டும்.

செகந்திராபாத் ராணிகஞ்சில் பழைய சாமான் கடைகளில் சக் எடுக்கும்போது எங்கள் உஸ்தாத் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் நான்கு திருகையும் முழு ஓட்டத்துக்கு ஓட்டுவார். நடுவில் கரகரத்தாலோ பின்னுக்கு முன்னுக்கு ஆடினாலோ கீழே வைத்துவிடுவார். தாடை எண்ணும் பள்ளத்தின் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார். வேறு சக்கின் தாடையைச் செருகி விற்பவர்கள் உண்டு. தாடையைக் கழற்றித் திருப்பிப் போடுவார். டாக் சக்கின் சிறப்பே ஒரே தாடையை இருபுறமும் போடலாம் என்பதுதான். ட்ரூ சக்கின் சுருள் பல்லுக்கு அது நடக்காது, இரண்டு செட் வேண்டும். பிறகு வார்ப்பு உடலைக் கயிற்றில் தொங்கவிட்டு, பானை வாங்குகிறவர் போல் விரலால் சுண்டுவார். கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் தாடைப் பள்ளத்தின் மூலையில் விரிசல் இருக்கலாம்.

கடைசிச் சோதனைதான் முக்கியம். கிரைண்ட் செய்த கம்பியைப் பிடித்து, தாடைக்குப் பக்கத்தில் டயல் சுழியத்துக்கு வந்ததும், நூறு மில்லிமீட்டர் தள்ளி டயலை வைப்பார். அங்கே கம்பி ஆடினால் தாடை வாய் அகன்று தேய்ந்திருக்கிறது, அல்லது இறுக்கும்போது தாடை பள்ளத்தில் பின்னுக்குச் சாய்கிறது. நடுவை நகர்த்தலாம், சாய்வை நகர்த்த முடியாது. தட்டி நேராக்கினாலும் முதல் ஆழமான வெட்டில் கம்பி பழைய சாய்வுக்கே போய்விடும்.

சக்கை லேத்தின் ஸ்பிண்டிலோடு (சுழல் தண்டோடு) இணைக்கும் பின்தட்டுக்கும் இதே நியாயம்தான். மரையுள்ள ஸ்பிண்டில் என்றால் தட்டை அந்த லேத்திலேயே மாட்டி, அந்த லேத்திலேயே முகம் கடைய வேண்டும். தட்டில் சக் பொருந்தி உட்காரும் விளிம்பு இம்மி தளர்ந்தாலும் டயல் அதைப் பார்த்துக்கொள்ளும். முகம் சாய்ந்தால் சக் முழுதும் சாயும். நேராகக் கேம்லாக் ஸ்பிண்டிலுக்கு வாங்குகிறவர்கள் தங்கள் லேத்து டி1-4 அளவா டி1-6 அளவா என்று ஸ்பிண்டில் மூக்கை அளந்துவிட்டுப் போக வேண்டும். பின்தட்டு மிச்சமானால் சக் ஸ்பிண்டிலை ஒட்டி நிற்கும். முன்னால் தொங்கும் நீளம் குறையக் குறைய அதிர்வு குறையும்.

பெரிய சக் நல்ல சக் என்ற நினைப்பும் தப்பு. தாடைகள் உடலைத் தாண்டி வெளியே நீளும். அந்த நிலையிலும் பெட்டில் இடிக்காமல் சுற்ற வேண்டும். கனமான சக் ஸ்பிண்டில் பேரிங்கைத் தின்னும். ஓடத் தொடங்கவும் நிற்கவும் நேரம் எடுக்கும். வார்ப்பிரும்பு உடல் மெதுவான வேலைக்குப் போதும். வேகம் கூடினால் எஃகு உடல் வாங்க வேண்டும். எதுவானாலும் தயாரிப்பாளர் பொறித்த சுழற்சி வேகத்தைத் தாண்டக் கூடாது. வேகத்தில் தாடைகள் வெளியே இழுபடுவதால் பிடி தளரும். துண்டு ஓரமாகத் தள்ளிப் பிடிக்கப்பட்டிருந்தால் எடைச் சமன் போய்விடும். அப்போது வேகத்தை இன்னும் இறக்க வேண்டும். சாவியைச் சக்கில் விட்டுவிட்டு மெஷினைப் போடக் கூடாது என்பது முதல் நாள் பாடம். மறந்தவனை உஸ்தாத் மறுநாள் லேத்தின் பக்கமே விடமாட்டார்.

இப்போது மௌலா அலியில் பெரிய பட்டறைகளெல்லாம் சி.என்.சி. ஆகிவிட்டன. ஹைட்ராலிக் சக், காலால் மிதித்தால் பிடிக்கும், மிதித்தால் விடும். ஆயிரம் துண்டுக்கு அதுதான் சரி. டாக் சக்கை வைத்துக்கொண்டு அதோடு போட்டி போடுகிறவன் கூலியைத் தொலைப்பான். ஆனால் அந்த சி.என்.சி. மெஷினின் ஒரு ஷாஃப்ட் தேய்ந்து, பேரிங் உட்காரும் இடத்தில் வெல்டிங் நிரப்பிக் கடைய வேண்டியிருந்தால், அதைத் தூக்கிக்கொண்டு பழைய லேத்துக்காரரிடம்தான் வருகிறார்கள். ஒரே துண்டு, ஏற்கெனவே ஓர் அச்சோடு பிறந்த துண்டு. அந்தப் பழைய அச்சைக் கண்டுபிடித்து அதிலேயே கடைந்து கொடுக்க வேண்டும். லல்லாகுடாவில் நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் நடந்ததும் இதே வேலைதான்.

ஆகவே புதிதாகப் பட்டறை போடுகிற பையன்கள் என்னிடம் எந்தச் சக் வாங்கலாம் என்று கேட்டால், என்ன வேலை வரப்போகிறது என்று திருப்பிக் கேட்கிறேன். ஆர்டர் வேலை என்றால் ட்ரூ சக். ரிப்பேர் வேலை என்றால் காசு இருக்கும் அளவுக்கு நல்ல டாக் சக் ஒன்று, அதோடு நம்பக்கூடிய டயல் ஒன்று. இரண்டில் ஒன்றைத்தான் புதிதாக வாங்கக் காசு இருக்கிறது என்றால், சக்கைப் பழையதாக எடுங்கள், டயலைப் புதிதாக வாங்குங்கள்.