அறிவினா நடந்து வந்த பாதை

கேள்வி என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. ஒன்று, பிறரை வினவுதல். மற்றொன்று, கற்றோர் கூறுவதைச் செவிமடுத்து அறிவு பெறுதல். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்றோர் அதிகாரம் வகுத்தார். அதன் பின்னரே அறிவுடைமையை வைத்தார். ஏடு தொட்டுப் படிக்க இயலாதவனும் செவி வழியே அறிஞனாகலாம் என்பது அவ்வைப்பு முறையால் நாம் கொள்ளத்தக்க குறிப்பு. இந்நாளிலோ கேள்வி என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருவன தேர்வுத் தாளும் தொலைக்காட்சியின் வினாடி வினாவுமே. வரலாறு, அறிவியல், கலை, விளையாட்டு எனப் பல துறைகளிலும் ஒருவர்க்கு உள்ள பொது அறிவை அளந்து பார்க்கும் வழக்கம் எங்ஙனம் வளர்ந்தது? யார் யாரை அவ்வழக்கம் உள்ளே விட்டது, யார் யாரை வாயிலிலேயே நிறுத்தியது? மும்பைவாழ் தமிழ்க் குடும்பங்கள் இதனை அறிந்துகொள்ளுதல் நலம். ஏனெனில், இவ்வரலாற்றில் நம் தாராவிக்கும் ஓர் இடம் உண்டு.

இலக்கணம் வகுத்த அறுவகை வினா

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் வினாவை ஆறாகப் பகுத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. தான் அறிந்த ஒன்றைப் பிறர் அறிவாரா எனச் சோதிக்கக் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவனைக் கேட்பது இவ்வகை. தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. மாணவன் ஆசிரியரைக் கேட்பது இவ்வகை. தேர்வு, போட்டி, வினாடி வினா ஆகிய அனைத்தும் அறிவினாவின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது சொல்லாமலே விளங்கும். கேட்பவன் கையில் விடை இருக்கிறது. ஆகவே வெல்லும் இடம் அவனுடையது. கேட்கப்படுபவனுக்கு அவ்விடையைக் கற்க வாய்ப்பு இருந்ததா என்பதே இங்கு எழும் நீதி.

சபையும் அவதானமும்

அறிவைத் தகுதியாகக் கொள்ளும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும். இறையிறுக்கும் நிலம் கால்வேலிக்கு மேல் உடைமை வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். ஆழ்ந்த நூற்பயிற்சி உடையவனாயின் அரைக்கால் வேலி நிலமே போதும் என்றும் ஒரு விதி உண்டு. கல்வி பாதி நிலத்திற்கு ஈடாக மதிக்கப்பட்டது என்பது நமக்குப் பெருமை தருவதே. ஆயினும் அந்நிலமும் அந்நூலும் எட்டாத உழவனும் குயவனும் தோல் தொழிலாளியும் அச்சபையில் வினாவப்படவே இல்லை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

தமிழ்ப் புலமையைப் பலர் முன்னிலையில் சோதித்த மற்றொரு முறை அவதானம். ஒரே வேளையில் பலர் பல பொருள்களை வினவுவர். ஒருவர் இலக்கிய ஐயம் கேட்பார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா வேண்டுவார். ஒருவர் கணக்குப் போடச் சொல்வார். பிறிதொருவர் முதுகில் கல்லெறிந்து எண்ணிக்கை கேட்பார். அனைத்தையும் நினைவில் நிறுத்தி முறைப்படி விடை தருதல் வேண்டும். எட்டு வினைகளை ஒருங்கே நிகழ்த்துவோர் அட்டாவதானி. நூறு வினைகளை நிகழ்த்துவோர் சதாவதானி. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். இசுலாமியராகிய அப்பெரியார் சீறாப்புராணத்திற்கு உரை வகுத்தவர், கம்பராமாயணத்திலும் துறைபோகியவர். அவையில் எவரும் வினவலாம், எதனையும் வினவலாம் என்னும் திறந்த தன்மையே அவதானத்தின் சிறப்பாகும்.

கடலுக்கு அப்பால் வைத்த தேர்வு

ஆங்கிலேயர் ஆட்சியில் அறிவினா அரசாங்க வடிவம் பெற்றது. பரிந்துரையால் பதவி வழங்கிய பழைய முறையை 1853ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் நீக்கிற்று. மெக்காலே தலைமையில் அமைந்த குழு 1854இல் அறிக்கை அளித்தது. 1855இல் முதற் போட்டித் தேர்வு இலண்டனில் நடந்தது. சீன நாட்டில் பன்னூறு ஆண்டுகளாக நடைபெற்று 1905இல் கைவிடப்பட்ட அரசுத் தேர்வு முறை இதற்கு முன்மாதிரி என்று அறிஞர் சிலர் கருதுவர்.

போட்டி என்றால் யாவர்க்கும் பொது என்று பெயர். ஆனால் மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். கிரேக்கத்திற்கு 750, இலத்தீனுக்கு 750. வடமொழிக்கு 375, அரபிக்கு 375. தேர்வு நடந்த இடமோ கப்பலில் பல வாரம் செல்ல வேண்டிய ஊர். இத்தனை தடைகளையும் கடந்து 1863இல் தேறிய முதல் இந்தியர், கவிஞர் இரவீந்திரநாத் தாகூரின் தமையனார் சத்தியேந்திரநாத் தாகூர் ஆவார். பின்னர் வயது வரம்பு 21இலிருந்து 19 ஆகக் குறைக்கப்பட்டது. அதனைக் கண்டித்துச் சுரேந்திரநாத் பானர்ஜி 1877இல் நாடெங்கும் சுற்றிப் பேசினார். இந்திய மண்ணிலும் இத்தேர்வு நடைபெறத் தொடங்கியது 1922இல்தான். வினாத்தாளின் நீதிக்காகவே இந்நாட்டில் ஓர் அரசியற் கிளர்ச்சி நடந்தது என்பதை நம் இளைஞர் மறத்தல் ஆகாது.

தேர்வு அளக்கத் தவறுவதும் உண்டு. கணிதமேதை இராமானுசன் கணிதம் ஒழிந்த பாடங்களில் தேறாமையால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையில் எப்.ஏ. தேர்விலும் தவறினார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1918இல் இலண்டன் இராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. என்னைப் போன்று அலுவலகத்தில் பேரேடு எழுதும் எழுத்தர்களுக்கு அவர் வாழ்க்கை ஒரு தனி ஆறுதல்.

வானொலி முதல் தொலைக்காட்சி வரை

வினாடி வினா என்று நாம் வழங்கும் பொழுதுபோக்குப் போட்டி இந்தியாவிற்குப் பிற்காலத்தில் வந்தது. கல்கத்தாவில் 1967இல் நீல் ஓ'பிரையன் நடத்தியதே முதல் முறையான வினாடி வினா எனக் கருதப்படுகிறது. 1972இல் போர்ன்விட்டா வினாடி வினா தொடங்கிற்று. அன்றைய பம்பாயின் புகழ்பெற்ற அறிவிப்பாளர் அமீது சயானி அதனை நடத்தினார். அவர் 1975இல் மறைந்தபின் அவர் தம்பி அமீன் சயானி ஏற்று நடத்தினார். விவிதபாரதி வாயிலாக அப்போட்டி வீடுதோறும் ஒலித்தது. 1992இல் தொலைக்காட்சிக்குச் சென்றது. 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'குவிஸ் டைம்' கல்லூரி மாணவர்களைக் கவர்ந்தது. இவை அறிவுப் பசியைத் தூண்டின என்பதில் ஐயமில்லை. எனினும் இவற்றின் மொழி ஆங்கிலம். தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளியில் பயின்ற பிள்ளைக்கு அவ்வினாக்கள் சுவருக்கு அப்பால் கேட்கும் பேச்சாகவே இருந்தன.

பெரும் பொருள் பரிசாக வந்ததும் பெருங் கேடும் உடன் வந்தது. அமெரிக்காவில் 'ட்வென்டி ஒன்' என்னும் போட்டியில் வென்று புகழ்பெற்ற சார்லஸ் வான் டோரன் என்னும் ஆசிரியர், விடைகள் தமக்கு முன்னரே தரப்பட்டன என்று 1959இல் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். இத்தகைய வஞ்சனையைத் தடைசெய்து 1960இல் அந்நாடு சட்டம் இயற்றிற்று. வினாத்தாள் கசிந்தது என்னும் செய்தியைக் கேட்கும்போதெல்லாம் உழைத்துப் படித்த பிள்ளைகளின் நெஞ்சம் படும் பாட்டை நாம் அறிவோம். அறிவினாவின் உயிர் நேர்மை. அது போனால் எஞ்சுவது சூது.

இங்கிலாந்தில் 1998இல் தோன்றிய கோடீசுவரப் போட்டி, 2000ஆம் ஆண்டு சூலை 3 அன்று அமிதாப் பச்சன் நடத்த இந்தியில் தொடங்கியது. தொலைபேசி வைத்திருந்த எவரும் இதில் முயலலாம் என்றானதும் வாயில் சற்று அகன்றது. அவ்வாண்டே முதற் கோடியை வென்றவர் மும்பை இளைஞர் அர்ஷவர்தன் நவாதே. அவர் அப்போது ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படித்து வந்தவர். 2011இல் பீகாரின் மோதிகாரியைச் சேர்ந்த சுசீல்குமார், ஊரக வேலைத் திட்டத்தில் கணிப்பொறி இயக்குநராகச் சிற்றூதியம் பெற்றவர், ஐந்து கோடி வென்றார். தமிழில் 2012இல் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' வந்தது. 2020 சனவரியில் இராதிகா நடத்திய 'கோடீஸ்வரி' நிகழ்ச்சியில் செவித்திறனும் பேச்சுத்திறனும் அற்ற மதுரைப் பெண்மணி கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி வென்றார். செவி வழி அடைபட்ட நிலையிலும் அவர் அறிவின் வழி அடைபடவில்லை. தாய்மொழியில் வினவினால் விடை எங்கிருந்தெல்லாம் வரும் என்பதற்கு இஃதொரு சான்று.

தாராவியின் பக்கம் திரும்பிய வினா

விகாஸ் சுவரூப் என்னும் இந்தியத் தூதரக அதிகாரி 2005இல் ஆங்கிலத்தில் ஒரு புதினம் வெளியிட்டார். அதன் தலைவன் தாராவியில் வாழும் பதினெட்டு வயது உணவக ஊழியன். பெரும் பரிசுப் போட்டியில் எல்லா வினாவிற்கும் விடை கூறிவிடுகிறான். பள்ளி காணாத ஏழைக்கு இத்தனை தெரிந்திருக்க இயலாது என்று ஐயுற்றுக் காவலர் அவனைப் பிடித்துச் செல்கின்றனர். ஒவ்வொரு விடையையும் தன் வாழ்வில் எங்குக் கற்றான் என்று அவன் கூறுவதே கதை. தில்லி கால்காஜியில் 1999இல் சுகதா மித்ரா சேரியின் சுவரில் கணிப்பொறி ஒன்றைப் பதித்து வைத்தார். சிறுவர்கள் கற்பிப்பார் இன்றியே அதனை இயக்கக் கற்றனர். அச்செய்தியும் தமக்குத் தூண்டுதலாயிற்று என்று ஆசிரியர் கூறியுள்ளார்.

அப்புதினமே 2008இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' என்னும் திரைப்படமாயிற்று. தாராவியிலும் சூகுவிலும் காட்சிகள் எடுக்கப்பட்டன. 2009இல் எட்டு ஆஸ்கர் விருதுகள் கிட்டின. அவற்றுள் இரண்டு நம் ஏ. ஆர். இரகுமான் பெற்றவை. தலைப்பிலிருந்த இழிசொல்லைக் கண்டித்துக் குடிசைவாழ் மக்கள் குரல் எழுப்பியதும் முறையே. ஆயினும் கதையின் நடுவே நிற்கும் வினா நம்முடையது. ஏழைக்கு எப்படித் தெரியும் என்று கேட்ட காவலரின் ஐயம், உத்திரமேரூர்ச் சபையிலும் இலண்டன் தேர்விலும் வேறு வேறு உடையில் இருந்த அதே ஐயமன்றோ?

காலடியில் கிடக்கும் வினாக்கள்

பொது அறிவு என்பது தூர தேசத்துத் தலைநகரங்களின் பட்டியல் மட்டுமன்று. நாம் வாழும் இடத்தைச் சுற்றியே நான்கு துறை வினாக்களும் கிடக்கின்றன.

வரலாறு வேண்டுமா? 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தானேவிற்கு 34 கிலோமீட்டர் ஓடிய இந்தியாவின் முதற் பயணிகள் இரயில் நம் சயான் வழியே சென்றது. நாட்டிலேயே முழுவதும் பெண் ஊழியரால் இயங்கிய முதற் புறநகர் நிலையம் என்னும் பெருமையை 2017இல் மாதுங்கா பெற்றது.

அறிவியல் வேண்டுமா? செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1956 ஆகஸ்டு 4 அன்று இயங்கத் தொடங்கிய அப்சரா, இந்தியாவின் முதல் அணு உலை.

கலை வேண்டுமா? 1913 மே 3 அன்று பம்பாய்க் கொரோனேஷன் அரங்கில் பால்கேயின் 'இராசா அரிச்சந்திரா' திரையிடப்பட்டது. நடிக்கப் பெண்கள் முன்வராமையால், உணவகத்தில் பணிபுரிந்த சாளுங்கே என்பவர் தாராமதியாக நடித்தார்.

விளையாட்டு வேண்டுமா? இந்திய மண்ணில் முதல் கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டம் 1933 திசம்பரில் பம்பாய் சிம்கானா திடலில் நடந்தது. லாலா அமர்நாத் 118 ஓட்டங்கள் எடுத்து, டெஸ்டில் நூறு கண்ட முதல் இந்தியரானார்.

இவற்றினும் அருகில் உள்ளவை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர் தாராவியில் தோல் பதனிட்டனர். ஆவாரம்பட்டை தோலை அழுகாமல் காப்பது எங்ஙனம்? பட்டையிலுள்ள துவர்ப்பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து அதனை உறுதிப்படுத்துகிறது; நுண்ணுயிர் அதனை எளிதில் சிதைக்க இயலாது. விடியுமுன் இட்லி அவித்து விற்கப் புறப்படும் நம் தாய்மார்களுக்கு, மார்கழிக் குளிரில் மாவு தாமதித்துப் பொங்கும் என்பது தெரியும். மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் குளிரில் மெல்லப் பெருகுவதே காரணம். தொழில் தெரிந்தவரிடம் பாதி விடை இருக்கிறது; நூல் படித்தவரிடம் மறுபாதி இருக்கிறது. இரண்டையும் இணைப்பதே கல்வி.

நாம் செய்யத்தக்கது

இன்று இரயில்வே ஆள்சேர்ப்பு வாரியத் தேர்வுகளைத் தமிழிலும் எழுதலாம். ஆட்சிப்பணி முதன்மைத் தேர்விலும் தமிழில் விடை எழுதலாம். வினாத்தாள் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வருகிறது. வாயில் முன்னிலும் அகன்றிருக்கிறது, முழுதும் திறந்துவிடவில்லை. அதுவரை நம் பிள்ளைகள் தமிழோடு ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் கற்றுத் தேர்தல் இன்றியமையாதது.

சங்க விழாக்களில் வினாடி வினா நடத்தும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. வினாக்களைத் தமிழிலும் படியுங்கள். பாதி வினாக்களையேனும் நாம் வாழும் இந்நகரிலிருந்தும் நம் தொழில்களிலிருந்தும் எடுங்கள். விடை தெரியாத பிள்ளையை நகையாதீர்கள். விடையைக் கூறி, ஏன் என்று அவன் திருப்பிக் கேட்க இடம் கொடுங்கள். பெற்றோரும் வீட்டில் அவ்வாறே செய்தல் வேண்டும். பிள்ளை கேட்கும் வினாவிற்கு விடை தெரியாவிடில், தெரிந்தவரிடம் அவனை அழைத்துச் செல்வதில் தந்தைக்கு இழுக்கு ஒன்றுமில்லை.

பவணந்தியார் அறிவினாவை அடுத்து அறியாவினாவை வைத்தார். நாம் பிள்ளைகளைச் சோதிப்பது, அவர்கள் நம்மைக் கேட்கத் தொடங்கும் பொருட்டே. அவ்வாறு கேட்கும் பிள்ளைகள் தாராவியின் சந்துகளிலும் செம்பூர்க் குடியிருப்புகளிலும் பெருகுக, தமிழ் வளர்க!