சிறு மலையும் பெயரற்ற கைகளும்

மனிதன் தான் நேசிப்பவற்றைச் சிறிய உருவில் செய்து வைத்துப் பார்க்கும் இயல்புடையவன். கோபுரம், கப்பல், தேர், வீடு என எதையும் கைக்கு அடங்கும் அளவில் செய்து பார்ப்பதில் அவனுக்கு ஓர் இன்பம் உண்டு. இது வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், பலர் கூடித் தங்கள் மண்ணின் வரலாற்றையே இவ்வாறு சிறிதாக்கிக் காட்சிக்கு வைக்கும்போது, அது பொழுதுபோக்கைக் கடந்து ஒரு நினைவுப் பணியாகிறது. நினைவு என்று வந்துவிட்டால், அதில் யாருக்கு இடம் கிடைத்தது, யார் விடுபட்டுப் போனார் என்னும் கேள்வியும் உடன் வந்து நிற்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் டியேகோ நகரின் பால்போவா பூங்காவில் மாதிரி ரயில் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. அது அமைந்திருக்கும் கட்டடத்தின் பெயர் காசா டி பால்போவா. அதே இடத்தில் முன்பிருந்த கட்டடம் 1978-இல் தீக்கிரையானது. மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 1982-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்குள்ள காட்சிகளுள் தலையாயது டெஹாச்சப்பி கணவாய். பல்வேறு தொழில் செய்யும் ஆர்வலர்கள் ஒரு சங்கமாகக் கூடி, ஓய்வு நேரத்தில் பல பத்தாண்டுகளாக உழைத்து உருவாக்கியது அது. உண்மையான அளவில் எண்பத்தேழில் ஒரு பங்காக மலையும் பாலமும் சுரங்கமும் புகைவண்டிகளும் அங்கே அணிவகுக்கின்றன.

அவர்கள் காட்டும் காலம் 1950-களை ஒட்டியது. நீராவி எஞ்சின்கள் விடைபெற்றுச் செல்ல, டீசல் எஞ்சின்கள் வந்து சேர்ந்த காலம் அது. சங்கத்தினர் வண்டிகளை வெறுமனே சுற்றவிட்டு மகிழ்வதில்லை. ஒருவர் கட்டுப்பாட்டு அலுவலராகவும், இன்னொருவர் எஞ்சின் ஓட்டுநராகவும் பொறுப்பேற்று, அக்கால அட்டவணை முறைப்படி வண்டிகளை இயக்குகின்றனர்.

இவ்வளவு உழைப்புக்கு உரியதாக அந்தக் கணவாயில் என்ன சிறப்பு? சான் பிரான்சிஸ்கோவையும் லாஸ் ஏஞ்சலிசையும் ரயிலால் இணைக்க விரும்பிய சதர்ன் பசிபிக் நிறுவனத்துக்குக் குறுக்கே நின்றது டெஹாச்சப்பி மலைத்தொடர். மேற்கே பேக்கர்ஸ்ஃபீல்டு ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 அடி உயரத்தில் இருக்கிறது. கணவாயின் உச்சியோ ஏறத்தாழ 4,000 அடி. நேராக ஏறினால் எந்த எஞ்சினாலும் இழுக்க முடியாத செங்குத்து. நூறு அடி தொலைவுக்குச் சுமார் இரண்டு அடி உயர்வு என்பதே வண்டி தாங்கும் ஏற்றம். ஆகவே பொறியாளர் வில்லியம் ஹூட் பாதையை வளைத்து வளைத்து மலைமேல் ஏற்றினார். ஓரிடத்தில் ஒரு குன்றைச் சுற்றி முழு வட்டமாகவே பாதையைச் சுழற்றி, கீழே சுரங்கத்தில் நுழையும் தடத்துக்கு 77 அடி மேலே அதே தடம் கடந்து செல்லுமாறு அமைத்தார். அந்த வளையத்தின் நீளம் 3,779 அடி. அதனினும் நீண்ட சரக்கு வண்டி வந்தால், அதன் தலை தன் வாலுக்கு மேலேயே ஊர்ந்து செல்லும் விந்தையைக் காணலாம். மாதிரியின் அளவுக்குக் கணக்கிட்டால் அந்த வளையம் சுமார் 43 அடி. 77 அடி உயரம் என்பது பதினோர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு.

இத்திட்டத்தை வரைந்தவர் ஹூட். மலையைக் குடைந்தவர் யார்?

தென் சீனத்தின் குவாங்டங் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்களே அவர்களுள் பெரும்பாலோர். ஏறத்தாழ 3,000 சீனத் தொழிலாளர் அம்மலையில் பணிபுரிந்தனர். அவர்கள் கையில் இருந்தவை கடப்பாரையும் மண்வெட்டியும் வெடிமருந்தும். மண்ணை அள்ளிச் செல்லக் குதிரை வண்டிகள். இன்றைய இயந்திரங்கள் எவையும் இல்லாத நாளில், பதினெட்டுச் சுரங்கங்களை அந்த மலைப்பாதையில் குடைந்து முடித்தனர். 1876 செப்டம்பர் 5 அன்று, மலைத்தொடருக்குத் தெற்கே லாங் என்னும் இடத்தில் இரு முனைகளும் இணைந்தன. நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான சார்லஸ் கிராக்கர் அங்கே பொன் ஆணியை அறைந்தார். ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர் மண்வெட்டிகளோடு பாதையோரம் அணிவகுத்து நின்றனர். ஆறே ஆண்டுகள் கழித்து, 1882-இல், சீனத் தொழிலாளர் இனி அமெரிக்காவுக்குள் நுழையலாகாது என்று அந்நாடு சட்டம் இயற்றியது. அச்சட்டம் நீங்க 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வளையத்தைப் பார்வையிடும் இடத்தில் கலிபோர்னியா மாநிலத்தின் வரலாற்றுச் சின்னக் கல்வெட்டு ஒன்று நிற்கிறது. அதில் ஹூடின் பெயர் உண்டு; ஆண்டு உண்டு; 77 அடிக் கணக்கும் உண்டு. சீனத் தொழிலாளரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கல் எத்தனையோ ஆண்டுகள் நிலைக்கக்கூடியது. அதனாலேயே அதில் எழுதாமல் விடப்பட்டதும் நெடுங்காலம் நிலைத்துவிடுகிறது.

மாதிரியை உருவாக்கியவர்களை இதற்காகக் குறை கூறுவது முறையன்று. எந்த மாதிரியும் ஒரு காலத்தைத் தேர்ந்துகொண்டாக வேண்டும். 1950-களைத் தேர்ந்தால், 1876-இல் மலையைக் குடைந்தவருக்கு அங்கே இடமில்லை. அதுபோலவே பின்னால் வந்த துயரத்துக்கும் இடமில்லை. 1989 மே 12 அன்று, மொஹாவியிலிருந்து புறப்பட்ட சரக்கு வண்டி ஒன்று, சான் பெர்னார்டினோ அருகே மலைச்சரிவில் கட்டுக்கடங்காமல் விரைந்து, தடம் புரண்டு வீடுகள்மீது பாய்ந்தது. சரக்கின் எடை குறைத்துக் கணிக்கப்பட்டிருந்தது. எஞ்சின்கள் சிலவற்றின் பிரேக்குகளும் சரிவர இயங்கவில்லை. ரயில் ஊழியர் இருவரும், வீட்டிலிருந்த சிறுவர் இருவரும் மாண்டனர். அந்த ஊழியர் இருவரின் நினைவாக டெஹாச்சப்பி வளையத்தின் நடுவே உள்ள குன்றின் உச்சியில் வெண்சிலுவை ஒன்று நாட்டப்பட்டுள்ளது. மேலும் கீழும் ஓடும் வண்டிகளெல்லாம் இன்று அந்தச் சிலுவையைச் சுற்றியே செல்கின்றன. தம் நண்பரை இழந்தவர்கள் அவர்களுக்காக ஓர் அடையாளத்தை உயர்த்தினார்கள். மலையைக் குடைந்தவர்களுக்கோ அங்கே உறவென்று சொல்ல யாரும் எஞ்சவில்லை.

டெஹாச்சப்பி ஊர் மக்களும் நினைவைப் போற்றத் தெரிந்தவர்களே. 1952 ஜூலை 21 அன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கம் அவ்வூரைச் சிதைத்தது, சுரங்கங்களும் சேதமுற்றன. அதைத் தாங்கி நின்ற அவ்வூரின் பழைய ரயில் நிலையம், அருங்காட்சியகமாகப் புதுப்பிக்கப்பட்டு வந்த வேளையில், 2008 ஜூனில் எரிந்து போனது. ஊரார் சோர்ந்துவிடாமல் அதே வடிவில் அதை மறுபடியும் கட்டி, 2010-இல் திறந்தனர். எரிந்ததை முன்போலவே எழுப்ப முடிந்ததற்குக் காரணம், அதன் உருவத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள் என்பதே. நினைவில் வைப்பார் இல்லாத ஒன்றை யார் மீட்டெடுப்பது?

ஆயினும் அந்தத் தொழிலாளர் முற்றிலும் மறைந்துவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. மாதிரியில் எண்பத்தேழில் ஒரு பங்காக ஒரு மனிதனைச் செய்தால் அவன் உயரம் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். நிலைய மேடையில் அப்படிப்பட்ட சிறு மனிதர்களை நிறுத்திவைக்கலாம். ஆனால் மலையைக் குடைந்தவர்களுக்குத் தனி உருவம் தேவைப்படவில்லை. மலையின் வெட்டுவாயும், கரையின் மண்மேடும், சுரங்கத்தின் இருண்ட வாயிலும் அவர்கள் கைவேலையே. மலையை மாற்றாமல் அளந்து அப்படியே செய்த அந்த ஆர்வலர்கள், தாங்கள் அறிந்தோ அறியாமலோ, பெயரற்றவர்களின் கையெழுத்தையும் பிழையின்றிப் படியெடுத்துவிட்டார்கள். உண்மைக்குக் கட்டுப்பட்ட உழைப்பின் சிறப்பு இதுதான். கல்வெட்டு சொல்லாமல் விட்டதை அது தன்னுள் ஏந்திக்கொள்கிறது.

அதைப் படித்தறிவது பார்ப்பவர் கடமை. வண்டியின் அழகை வியந்து நிற்கும் சிறுவனின் கண்ணில் முதலில் படுவது எஞ்சின்தான், அது இயல்பே. உடன் வந்த பெரியவர், வண்டி சுரங்கத்துள் மறையும் அந்த நொடியில், இந்த வழியைத் திறந்தவர் யார் என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும். வரலாறு அந்தக் கேள்வியிலிருந்து அவனுக்குத் தொடங்கிவிடும்.