கொச்சி யூதர் ஆவணங்கள்: செப்பேடும் பாட்டேடும்

கொச்சி யூதர் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுவது, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்து யோசேப்பு இரப்பானுக்கு வழங்கிய செப்பேடாகும். வட்டெழுத்தில் கிரந்த எழுத்துகள் விரவிப் பொறிக்கப்பெற்ற அது, மட்டாஞ்சேரிப் பரதேசித் தொழுகைக்கூடத்தில் காக்கப்பட்டு வந்தது. சமூக மரபு அதற்குக் கி.பி. 379 என ஆண்டு கூறும். எழுத்தமைதியும் மன்னனின் ஆட்சிக்காலமும் கி.பி. 1000-ஐ ஒட்டியது என்றே காட்டுகின்றன. ஆண்டு பொருந்தாது எனினும், ஏடு அழியாது நின்றதில் அம்மரபின்மேல் கொண்ட பற்றுக்குப் பெரும்பங்கு உண்டு எனலாம்.

பகல்விளக்கு, பாவாடை, குடை முதலிய உரிமைகளோடு 'அஞ்சுவண்ணம்' என்பதும் அதில் வழங்கப்படுகிறது. இச்சொல்லுக்கு யூதர் குடியிருப்பு எனவும் ஐவகைத் தொழிலாளர் எனவும் முன்னையோர் பொருள் கண்டனர். 849-ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேடு, தமிழ்க் கல்வெட்டுகள், பல்சந்தமாலை ஆகியவற்றின் ஆட்சிகள் ஒருங்கே நோக்கப்பட்ட பின்னரே, அது மேலைக்கடல் வணிகர் குழுவின் பெயர் என்னும் கருத்து வலுப்பெற்றது. யூதர் ஆவணம் ஒன்றன் பொருளைத் துணியத் தமிழ்ச் சான்றுகள் வேண்டப்பட்டமை கருதத்தக்கது.

செம்பின் உறுதி தாளுக்கு இல்லை. 1662-இல் டச்சுக்காரர் முற்றுகை தோல்வியுற்றபோது, அவர்களுக்குத் துணைநின்றனர் என்று போர்ச்சுகீசியர் யூதரைத் தாக்கித் தொழுகைக்கூடத்துக்குத் தீயிட்டனர். அங்கிருந்த ஏடுகளும் அழிவுக்கு உள்ளாயின.

வழிபாட்டிடத்தைச் சாராது வீடுகளில் வாழ்ந்தவை பெண்களின் பாட்டேடுகள். மணவிழாவிலும் பண்டிகையிலும் பாடிய, எபிரேயச் சொற்கள் கலந்த மலையாளப் பாடல்களை அவர்கள் குறிப்பேடுகளில் மலையாள எழுத்தில் எழுதி வைத்தனர். ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் படியெடுக்கப்பட்டதால் ஒரே பாடல் பல பாடவேறுபாடுகளோடு கிடைக்கிறது; தமிழ்ச் சுவடிப் பதிப்பாசிரியர்க்கு இது புதிதன்று. பழஞ்சொல் வடிவங்கள் பல இவற்றில் தங்கியுள்ளன. எனினும் செப்பேட்டுக்குக் கிடைத்த மதிப்பு இவற்றுக்கு நெடுங்காலம் கிட்டவில்லை.

1950-களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். ஏடுகளும் உடன் சென்றன. அங்கு வளர்ந்த தலைமுறை எபிரேயம் பயின்றது. இவ்வாறு ஏடு ஓரிடத்தும் அதனைப் படிக்கவல்லார் வேறிடத்துமாகப் பிரிந்தனர். 1970-களில் தொடங்கி ஆய்வாளர்கள் இருநாட்டிலும் படிகளைத் திரட்டினர். ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் தேர்ந்தெடுத்த பாடல்களை மலையாள மூலத்தோடும் எபிரேய மொழிபெயர்ப்போடும் 2005-இல் எருசலேமில் வெளியிட்டது, அப்பிரிவைப் பெரிதும் ஈடுசெய்த முயற்சியாகும்.

ஏட்டில் இடம்பெறாதது இசை. கேரளத்தில் பிறந்து வளர்ந்த மூத்த பெண்களின் நினைவிலேயே அது இருந்தது. அவர்தம் குரலிற் பதிவான பாடல்கள் 2004-இல் குறுந்தகடாக வெளிவந்தன. பதிவு பெறாத பாடல்களுக்கு எழுத்து வடிவம் மட்டுமே எஞ்சும்.